சிறு நகர பிஸ்ட்ரோவில் ஓர் இரவு உணவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களையும் உறவினர்களையும் பிஸ்ட்ரோவுக்கு இரவு உணவுக்கு அழைத்துச் செல்வது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். முதன்முறையாக வருபவர்கள் கிளம்புவதற்கு முன் தொலைபேசியிலும், மேசையில் அமர்ந்தபின் மெனுவை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலிலும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிஸ்ட்ரோ என்றால் என்ன? உணவகம் என்று சொன்னால் போதாதா?

பிஸ்ட்ரோவும் ஓர் உணவகம்தான். ஆனால் அந்தப் பெயர் குறிப்பிட்ட ஒரு வகையைச் சுட்டுகிறது. பாரிஸ் நகரில் 19-ஆம் நூற்றாண்டில் வேர்விட்ட இந்த வகையில் மேசைகள் குறைவு, மெனு சிறியது, உணவுகளில் பல நெடுநேரம் அடுப்பில் வெந்தவை, உரிமையாளரே சமையலறையிலோ கூடத்திலோ நிற்பது வழக்கம். இதனுடன் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் பிராசரி வேறு. அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் பீர் காய்ச்சும் இடம் என்று பொருள். அது பெரிய கூடம், நீண்ட மெனு, பகல் முழுவதும் இடைவிடாத பரிமாறல் என்று இயங்குவது.

பெயர் வந்த விதம் பற்றி ஒரு கதை உண்டு. 1814-இல் பாரிசுக்குள் நுழைந்த ரஷ்யப் படைவீரர்கள் 'விரைவாக' என்று பொருள்படும் 'பிஸ்த்ரா' என்ற சொல்லைச் சொல்லி உணவு கேட்டார்கள், அதுவே பெயராக நிலைத்தது என்பது அந்தக் கதை. பாரிசின் மோன்மார்த்ர் பகுதியில் ஓர் உணவகத்தின் சுவரில் இதைச் சொல்லும் கல்வெட்டே இருக்கிறது. ஆனால் இந்தச் சொல் அச்சில் தென்படுவது 1880-களில்தான். எழுபது ஆண்டு இடைவெளியை விளக்க முடியாததால் சொல்லாராய்ச்சியாளர்கள் இந்தக் கதையை ஏற்பதில்லை.

எளிய இடம் என்கிறீர்கள், ஆனால் 'நேர்த்தியான பிஸ்ட்ரோ' என்றும் சொல்கிறார்களே. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

இந்தப் பொருத்தத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. இவ் காம்தபோர்ட் என்ற சமையல் கலைஞர் பாரிசின் பெரிய விடுதிச் சமையலறையில் தேர்ச்சி பெற்றபின், 1992-இல் நகரின் ஓரத்தில் 'லா ரெகலாட்' என்ற சிறிய பிஸ்ட்ரோவைத் திறந்தார். உயர்தர விடுதியின் சமையல் நுட்பம், பிஸ்ட்ரோவின் எளிய மேசை, பலருக்கும் கட்டுப்படியாகும் விலை ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்தன. பின்னர் பலர் அதே வழியில் சென்றனர். 2004-இல் இந்தப் போக்குக்கு 'பிஸ்ட்ரோனமி' என்ற பெயரும் அமைந்தது.

ஆகவே நேர்த்தி என்பதை நான் விளக்குகளிலும் விரிப்பிலும் தேடுவதில்லை. சாஸ் சரியான பதத்தில் இருப்பது, சூடாகச் சாப்பிட வேண்டியது சூடான தட்டில் வருவது, கேட்ட கேள்விக்குப் பரிமாறுபவர் மழுப்பாமல் பதில் சொல்வது ஆகியவற்றையே நேர்த்தி என்கிறேன். இவை இருந்தால் மேசையில் விரிப்பே இல்லாவிட்டாலும் அது நேர்த்தியான இடம்.

பெருநகரத்தில் புகழ்பெற்ற உணவகங்கள் இருக்கும்போது சிறிய நகரத்துக்கு ஏன் போக வேண்டும்?

சிறிய நகரத்தில் பிஸ்ட்ரோ நடத்துபவர் தெருவில் போகும் அந்நியர்களை நம்பிப் பிழைக்க முடியாது. இன்று வந்தவர் அடுத்த மாதமும் வர வேண்டும். அதனால் அங்கே உங்களை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். சென்ற முறை எந்த மேசையில் அமர்ந்தீர்கள், காளானை ஒதுக்கினீர்களா என்பது வரை நினைவிருக்கும். காய்கறியும் பாலாடைக்கட்டியும் அருகிலுள்ள பண்ணைகளிலிருந்து வருவதற்கும் வாய்ப்பு அதிகம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சமையலறையில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். ஒருவர் விடுப்பில் போனால் அன்றைய மெனு சுருங்கும். வாரத்தில் ஓரிரு நாட்கள் மூடியிருக்கும். இரவு கடைசி ஆர்டரை முன்னதாகவே வாங்கிவிடுவார்கள். இத்தகைய இடத்தில் விருந்தினருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தேவையானதை உரிய நேரத்தில், நேரடியாகச் சொல்லிவிட்டால் அவர்களால் ஏறக்குறைய எதையும் செய்து தர முடியும். கீழேயுள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதன் நீட்சிதான்.

முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைக்காதா?

வார நாட்களில் கிடைக்கலாம், வார இறுதியில் கடினம். எப்படியிருந்தாலும் தொலைபேசியில் பேசிப் பதிவு செய்வதையே பரிந்துரைக்கிறேன். இணையப் படிவத்தில் பெயரும் நேரமும் மட்டும்தான் போகும். பேசும்போது மேசை விருப்பம், ஒவ்வாமை, பிறந்த நாள், சக்கர நாற்காலிக்கு வழி உண்டா என்பது அனைத்தையும் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

வர முடியாமல் போனால் உடனே தெரிவியுங்கள். முப்பது இருக்கைகள் உள்ள இடத்தில் நான்கு பேர் சொல்லாமல் நின்றுவிட்டால் அன்றிரவின் வருவாயில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அவர்களுக்காக வாங்கிய மீன் மறுநாள் வரை தாங்காது. கால் மணி நேரம் தாமதமாகும் என்றாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் சமையலறை உங்கள் வருகை நேரத்தை வைத்தே அடுப்பைத் திட்டமிடுகிறது.

என்ன உடை உடுத்திக்கொண்டு போவது?

சுத்தமான, உங்களுக்கு வசதியான, கொஞ்சம் அக்கறையோடு தேர்ந்தெடுத்த எந்த உடையும் பொருந்தும். கோட்டும் டையும் தேவையில்லை. வாசனைத் திரவியத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். மேசைகள் நெருக்கமாக இருப்பதால் பக்கத்து மேசைக்காரரின் சூப்பின் மணத்தை அது மூடிவிடும்.

எந்த மேசையைக் கேட்டு வாங்குவது?

பேசுவதற்காகப் போகிறீர்கள் என்றால் சுவரோர மேசை அல்லது மூலை. கூடத்தின் நடுவில் எல்லாத் திசையிலிருந்தும் ஓசை வரும். வெற்றுச் சுவர், கண்ணாடி, மரத்தரை ஆகியவை ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. இரைச்சல் கூடினால் மனிதர்கள் தாமறியாமலே குரலை உயர்த்துவார்கள். இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். ஒரு மேசை குரலை உயர்த்தினால் அடுத்த மேசையும் உயர்த்தும், ஒரு மணி நேரத்தில் கூடமே சந்தையாகிவிடும். காது சற்று மந்தமான பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் மாலையின் முதல் நேரத்தைப் பதிவு செய்யுங்கள்.

கழிவறைக் கதவு, சமையலறைக் கதவு, வாசல் ஆகிய மூன்றுக்கும் அருகிலுள்ள மேசைகளைத் தவிர்க்கலாம். சமையலறை திறந்த அமைப்பில் இருந்தால் மட்டும் அதன் எதிரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாணலியில் வெண்ணெய் நுரைத்து அடங்கி, பழுப்பு நிறத்துக்குத் திரும்பும் அந்தச் சில நொடிகளைச் சமைப்பவர் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார் என்பதைக் கண்டால், தட்டில் வருவதன் அருமை இன்னும் நன்றாகப் புரியும்.

மெனுவில் பாதி புரியவில்லை. கேட்டால் மதிப்புக் குறைந்துவிடுமோ?

குறையாது. கேட்பவரைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். ஆனாலும் சில சொற்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் தைரியம் வரும். கோன்ஃபி என்றால் இறைச்சியை உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மிகக் குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைப்பது. வாத்துக் கால் இப்படித்தான் சமைக்கப்படுகிறது. கிராத்தான் என்பது மேற்பரப்பு பொன்னிறமாக முறுகும்வரை சூட்டில் வைத்தது. கசூலே தென்மேற்குப் பிரான்சின் வெள்ளை பீன்ஸ் விதையும் இறைச்சியும் சேர்ந்த குழம்பு. மெனியேர் என்றால் மீனை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து எலுமிச்சைச் சாறு சேர்ப்பது. தார்த்தார் என்று கண்டால் கவனியுங்கள், பெரும்பாலும் அது சமைக்காத பச்சை மாட்டிறைச்சி.

'ஆந்த்ரே' என்ற சொல் பலரை ஏமாற்றும். பிரான்சில் அது தொடக்க உணவு. அமெரிக்காவில் அதே சொல் முதன்மை உணவைக் குறிக்கிறது. மெனுவில் இந்தச் சொல் இருந்தால் எந்தப் பொருளில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பசியோடு அமர்ந்திருக்கும்போது சிறிய தட்டு வந்து சேரும்.

கரும்பலகையில் எழுதியிருப்பதற்கும் அச்சிட்ட மெனுவுக்கும் என்ன வித்தியாசம்?

அச்சிட்டது அந்தப் பருவத்துக்கு நிலையானது. கரும்பலகை அன்றைய சந்தையைப் பொறுத்தது. சில இடங்களில் தொடக்கம், முதன்மை, இனிப்பு என மூன்றும் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் தொகுப்பு மெனுவும் இருக்கும். தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதைவிட அது வழக்கமாக மலிவு.

முதல் வருகையில் கரும்பலகையிலிருந்து ஒன்றையாவது வாங்குவது என் வழக்கம். சமைப்பவர் காலையில் ஒரு பொருளைப் பார்த்து விரும்பி வாங்கி, அதைச் சுற்றியே யோசித்த உணவு அது. மெனுவில் உணவு வகைகள் ஐம்பதைத் தாண்டினால்தான் எனக்குத் தயக்கம் வரும். மூன்று பேர் மட்டுமே உள்ள சமையலறையில் அத்தனையையும் புதிதாகச் செய்ய முடியாது, பாதி உறைபெட்டியிலிருந்துதான் வர வேண்டும்.

இத்தனை கரண்டிகளும் கத்திகளும் எதற்கு?

வெளிப்புறத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி வாருங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சோடி. ரொட்டித் தட்டு இடப்பக்கம், தண்ணீர்க் குவளை வலப்பக்கம். இடையில் நிறுத்தும்போது கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் விலக்கி வையுங்கள், முடித்ததும் இணையாகச் சேர்த்து வையுங்கள். இதைப் பார்த்துத்தான் பரிமாறுபவர் தட்டை எடுப்பார். தவறான கரண்டியை எடுத்துவிட்டால் அப்படியே சாப்பிட்டு முடியுங்கள், வேறொன்று கொண்டுவந்து வைப்பார்கள்.

ஸ்டேக்கை எப்படி வேண்டும் என்று கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் 'நன்றாக வெந்தது' என்றேன். சரியா?

ஸ்டேக் என்பது தடிமனாக வெட்டிச் சுட்ட இறைச்சித் துண்டு, பெரும்பாலும் மாட்டிறைச்சி. உங்களுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றால் சரிதான். தெரியாமல் சொல்லியிருந்தால் அடுத்த முறை இடைநிலையை முயன்று பாருங்கள். பிரெஞ்சு வழக்கில் நான்கு நிலைகள் உண்டு. ப்ளூ என்றால் வெளிப்புறம் மட்டும் சுட்டது. சென்யான் என்றால் உள்ளே சிவப்பு, நடுப்பகுதியின் சூடு ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ். ஆ புவான் என்றால் உள்ளே இளஞ்சிவப்பு, ஏறத்தாழ 55 முதல் 60 டிகிரி. பியான் குயி என்றால் 70 டிகிரியை எட்டி முழுவதும் வெந்தது. பிற நாடுகளில் 'மீடியம்' என்று சொல்வதைவிடப் பிரெஞ்சு ஆ புவான் சற்றுக் குறைவாகவே வெந்திருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

தட்டில் கசியும் சிவப்பு நீரைப் பார்த்து இரத்தம் என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். அது இரத்தமன்று. தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது அந்தப் புரதம் நிறம் மாறுகிறது. அதனால்தான் நன்றாக வெந்த துண்டு பழுப்பாகத் தெரிகிறது. நல்ல சமையல்காரர் சுட்டபின் துண்டைச் சில நிமிடங்கள் ஓய்வில் வைத்து அனுப்புவார், அப்படி வந்ததில் கத்தி வைத்தால் சாறு தட்டில் ஓடாமல் துண்டுக்குள்ளேயே தங்கியிருக்கும். கொத்திய இறைச்சிக்கு மட்டும் இந்த இடைநிலைகள் பொருந்தா. மேற்பரப்பில் இருந்த கிருமிகள் உள்ளே கலந்துவிடுவதால் 71 டிகிரி வரை வெந்திருப்பதே பாதுகாப்பு.

வைன் போத்தலைத் திறந்து என் குவளையில் கொஞ்சம் ஊற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். அந்தக் கணத்தில் உங்கள் ரசனையை யாரும் சோதிப்பதில்லை. போத்தல் கெட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை மட்டுமே உங்களுக்கு. முதலில் போத்தலின் சீட்டைக் காட்டுவார், நீங்கள் கேட்ட பெயரும் ஆண்டும்தானா என்று பாருங்கள். பிறகு குவளையை மெதுவாகச் சுழற்றி முகர்ந்து பாருங்கள். பழ மணமோ மர மணமோ வந்தால் தலையசைத்துவிடுங்கள். ஈரமான அட்டைப்பெட்டியோ பூட்டிக்கிடந்த நிலவறையோ நினைவுக்கு வந்தால் தக்கையில் கோளாறு. டி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வேதிப்பொருள் அதற்குக் காரணம். ஒரு லட்சம் கோடியில் சில பங்குகளே இருந்தாலும் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். உடலுக்குத் தீங்கில்லை, ஆனால் மணத்தைக் கொன்றுவிடும். அதைச் சொன்னால் வேறு போத்தல் தருவார்கள்.

சந்தேகம் இருந்தால் 'நீங்களும் முகர்ந்து பார்க்க முடியுமா?' என்று கேட்டுவிடுங்கள், அனுபவமுள்ளவர் உடனே சொல்லிவிடுவார். வைன் கெடாமல் இருந்து, உங்களுக்குச் சுவை பிடிக்காமல் போனால் திருப்பி அனுப்புவது முறையன்று. அதைத் தவிர்க்கத் தேர்ந்தெடுக்கும் முன்பே என்ன சாப்பிடப்போகிறீர்கள், எவ்வளவு செலவிட விருப்பம் என்று சொல்லி யோசனை கேளுங்கள். தொகையை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் பட்டியலில் ஒரு விலையின் மேல் விரலை வைத்து 'இதை ஒட்டி' என்றால் போதும். 750 மில்லிலிட்டர் போத்தலில் ஐந்து குவளை வரும். இருவர் மட்டும் என்றால் குவளைக் கணக்கில் வாங்குவது போதுமானது.

நான் மது அருந்துவதில்லை. அங்கே சங்கடமாக இருக்குமா? உணவிலும் மது கலந்திருக்குமா?

முதல் பாதிக்குப் பதில் எளிது. 'எனக்கு வேண்டாம்' என்றால் வைன் குவளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். பிரான்சில் குழாய்க் குடிநீரைக் குடுவையில் இலவசமாகத் தருவது உணவகங்களின் சட்டக் கடமையே ஆகும். வேறெங்கும் தயங்காமல் கேட்கலாம்.

இரண்டாம் பாதியில் கவனம் தேவை. கோக்கோவான், பூர்கினியோன் போன்ற குழம்புகள் சிவப்பு வைனிலேயே வேகின்றன. வெங்காய சூப்பிலும் சிப்பி உணவுகளிலும் வெள்ளை வைன் இருக்கும். கொதித்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்ற நம்பிக்கை தவறு. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி அரை மணி நேரம் கொதித்த உணவில் சேர்த்த மதுவில் ஏறத்தாழ 35 விழுக்காடும், இரண்டரை மணி நேரம் கொதித்ததில் 5 விழுக்காடும் எஞ்சுகின்றன. தீ மூட்டிப் பரிமாறும் உணவில் 75 விழுக்காடு வரை எஞ்சுகிறது. நம்பிக்கை காரணமாகவோ மருந்து காரணமாகவோ முற்றிலும் தவிர்ப்பவர்கள் சாசிலும் இனிப்பிலும்கூட மது உண்டா என்று கேட்க வேண்டும்.

நான் சைவம். சாலட் மட்டும் தின்றுவிட்டு வர வேண்டியதுதானா?

முன்பதிவின்போதே சொன்னால் அப்படி நேராது. இதனால்தான் நான்காம் கேள்வியில் தொலைபேசியை வலியுறுத்தினேன். ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால் சமைப்பவர் உங்களுக்கென்று ஒன்றை யோசிப்பார். இரவு எட்டரை மணிக்கு, எல்லா அடுப்புகளும் எரியும்போது சொன்னால் இருப்பதிலிருந்து இறைச்சியை எடுத்துவிட்டுத் தருவார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே கடியில் உணரலாம்.

ஒளிந்திருக்கும் அசைவத்தையும் அறிந்துகொள்ளுங்கள். வெங்காய சூப் பெயரளவில் காய்கறி, ஆனால் அடிப்படைச் சாறு மாட்டெலும்பிலிருந்து வருவது. பச்சைச் சாலட்டில் பன்றியிறைச்சித் துணுக்குகள் இருக்கலாம். ஆலிவ் விழுதில் நெத்தலி அரைத்துச் சேர்ப்பார்கள். உருளைக்கிழங்கு வறுவல் மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ பொரிந்திருக்கலாம். பன்னகோட்டா போன்ற கட்டியான இனிப்புகளில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. பார்மிஜானோ ரெஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைநொதியால்தான் செய்யப்பட வேண்டும் என்பது அதன் விதி. 'இதில் இறைச்சி உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில் உண்மையாகவே வரலாம். 'சாறு, கொழுப்பு, மீன், ஜெலட்டின் எதுவும் சேர்கிறதா?' என்று பிரித்துக் கேளுங்கள்.

ஒவ்வாமை இருக்கிறது என்று சொன்னால் தொந்தரவாக நினைப்பார்களா?

நினைக்கக் கூடாது, நினைத்தாலும் நீங்கள் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கோதுமை, முட்டை, பால், வேர்க்கடலை, எள், கடுகு, மீன் உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலைத் தருவது 2014 டிசம்பர் முதல் உணவகங்களின் சட்டக் கடமை. விருப்பமின்மையையும் ஒவ்வாமையையும் மட்டும் ஒன்றாக்கிச் சொல்லாதீர்கள். ஒவ்வாமை என்று கேட்டதும் சிறிய சமையலறையில் பலகை, கத்தி, எண்ணெய் அனைத்தையும் மாற்றுவார்கள். பூண்டு பிடிக்காது என்றால் பிடிக்காது என்றே சொல்லுங்கள், அதையும் கவனிப்பார்கள்.

ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் இருபது நிமிடம் ஆகிறது. எங்களை மறந்துவிட்டார்களா?

இருபது நிமிடம் இயல்பு. ஒவ்வொரு சுற்றாக, சூடு குறையாமல் பரிமாறும் முறை 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய வழக்கத்திலிருந்து பிரான்சுக்கு வந்தது. அதற்கு முன் எல்லா உணவுகளையும் மேசையில் ஒன்றாகப் பரப்பிவிடுவார்கள், கண்ணுக்கு விருந்து, ஆனால் பாதி ஆறிப்போகும். இடைவெளி என்பது சூட்டுக்காகக் கொடுக்கும் விலை. உங்கள் மேசையில் நால்வர் என்றால் நான்கு வேறு உணவுகளும் ஒரே நொடியில் தயாராக வேண்டும்.

அரை மணியைத் தாண்டினால் தயங்காமல் கேளுங்கள். நாடகத்துக்கோ ரயிலுக்கோ போக வேண்டியிருந்தால் அமரும்போதே நேரத்தைச் சொல்லிவிடுங்கள். மெனுவில் சூஃப்ளே (அடித்த முட்டை வெள்ளையைச் சேர்த்து உப்பி எழ வைக்கும் உணவு) இருந்தால் தொடக்கத்திலேயே ஆர்டர் செய்யுங்கள், அடுப்பில் அது எழும்ப ஏறத்தாழ இருபது நிமிடம் பிடிக்கும். வெளியே எடுத்த சில நிமிடங்களில் தணிந்துவிடுவதால் முன்னரே செய்துவைக்கவும் முடியாது.

உணவு சரியில்லை என்றால் எப்படிச் சொல்வது? முகத்துக்கு நேராகச் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டாம் மூன்றாம் கவளத்திலேயே சொல்லுங்கள். 'சாஸ் எனக்குக் கொஞ்சம் அதிக உப்பாகத் தெரிகிறது, ஒருமுறை பார்க்கிறீர்களா?' என்று தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். தட்டைக் காலி செய்துவிட்டுச் சொல்வதும், ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய் எழுதுவதும் திருத்த வாய்ப்பே தராதவை.

ஒருமுறை எனக்கு வந்த மீனின் நடுப்பகுதி குளிர்ந்திருந்தது. உடன் வந்தவர்களின் மனநிலை கெடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு தின்றேன். கிளம்பும்போது உரிமையாளர் எப்படியிருந்தது என்று கேட்டதும் சொல்லிவிட்டேன். 'அப்போதே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றித் தந்திருப்பேனே' என்றார். அவர் முகத்தில் இருந்த வருத்தம் உண்மையானது. அன்றிலிருந்து உடனே சொல்லிவிடுகிறேன், ஒருவரும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை. நீங்கள் கேட்ட நிலைக்கு ஸ்டேக் வராவிட்டாலும் இதே முறைதான். குறைவாக வெந்ததை மீண்டும் சுட முடியும், கூடுதலாக வெந்தால் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

வயிறு நிறைந்துவிட்டது. இனிப்பு கட்டாயமா?

கட்டாயமில்லை. ஒன்றை வாங்கி இரண்டு கரண்டி கேட்பது எல்லா இடத்திலும் ஏற்கப்படும் வழக்கம். ஒன்றே ஒன்று என்றால் நான் க்ரெம் ப்ரூலே என்பேன். குளிர்ந்த பாலாடைக் கூழின் மேல் சர்க்கரையைத் தூவித் தீச்சுடரால் உருக்கி, கண்ணாடிபோல் இறுகவிடுவார்கள். கரண்டியின் முதுகால் தட்டினால் 'டக்' என்று உடைய வேண்டும். மேலே வெதுவெதுப்பு, அடியில் குளிர்ச்சி. உடையாமல் கரண்டியோடு வளைந்தால் முன்கூட்டியே உருக்கிவைத்து ஈரம் ஏறியது என்று பொருள். சமையலறையின் கவனம் கடைசித் தட்டு வரை நீடித்ததா என்பதை இதில் கண்டுகொள்ளலாம்.

பில்லைத் தாங்களாகவே ஏன் கொண்டுவருவதில்லை? டிப்ஸ் எவ்வளவு?

பில்லைக் கேட்காமல் வைப்பது 'எழுந்திருங்கள்' என்று சொல்வதற்குச் சமம் என்று பிஸ்ட்ரோக்காரர்கள் கருதுகிறார்கள். கண்ணைப் பார்த்துக் கையசைத்தால் கொண்டுவருவார்கள். பலர் பிரித்துக் கட்டுவதாக இருந்தால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள், கடைசியில் சொன்னால் கணக்கைப் பிரிக்கக் கால் மணி நேரம் ஆகும்.

பில்லின் அடியில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரான்சில் மெனுவில் காணும் விலையிலேயே அது அடங்கியிருக்கும், அதற்கு மேல் தருவது உங்கள் மனமகிழ்ச்சி. மற்ற நாடுகளில் வழக்கம் வெவ்வேறு. அந்த ஊரில் வசிப்பவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்வதே நல்லது.

தனியாகப் போனால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களா?

பிஸ்ட்ரோ அளவுக்குத் தனி ஆளுக்கு ஏற்ற இடம் வேறில்லை. கவுன்ட்டர் மேடையை ஒட்டிய இருக்கை இருந்தால் அதைக் கேளுங்கள். கரும்பலகையில் உள்ளதில் எது இன்று நன்றாக வந்திருக்கிறது என்று பரிமாறுபவரிடம் கேட்டு, அவர் சொன்னதை வாங்குங்கள். பேச வேண்டிய கடமை இல்லாததால் உணவின் மேல் முழுக் கவனமும் செல்லும். ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் எஞ்சிய சாசைத் துடைத்துச் சாப்பிடலாமா என்று தனியாக வந்த ஒருவர் என்னிடம் பின்னர் கேட்டார். தாராளமாகச் சாப்பிடலாம். துடைத்த தட்டு திரும்பி வருவதைப் பார்க்கச் சமையலறையில் இருப்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.